வீட்டுக்கு கம்ப்யூட்டர்: வாங்குற விலையும் ஓடுற செலவும்



இந்த மாதப் பாடம், வீட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரைப் பற்றியது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் இருக்கிற பொருள். இன்று அப்படி இல்லை. பிள்ளைகள் படிப்புக்குக் கேட்கிறார்கள். தையல் வேலை செய்கிற அக்கா புது டிசைன் பார்க்க வேண்டும் என்கிறார். ஊரில் நாலு பேருக்கு விண்ணப்பம் பதிந்து கொடுத்து, அதையே ஒரு வருமானமாக ஆக்க நினைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அதனால் உள்கடன் கேட்டு வருகிறவர்களில் "கம்ப்யூட்டர் வாங்கணும்" என்று காரணம் சொல்கிறவர்களும் உண்டு.

மாடு வாங்கக் கடன் கேட்டால் குழுவில் என்ன கேட்போம்? "விலை என்ன?" என்று மட்டுமா கேட்போம்? தீவனத்துக்கு என்ன செய்வே, புண்ணாக்கு விலை என்ன, மாசம் எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்போம். மாட்டை ஒரு நாளில் வாங்கிவிடலாம். தினம் தினம் தீனி போட்டுக் கட்டுப்படியாகுமா என்பதுதான் பெரிய கேள்வி.

கம்ப்யூட்டருக்குத் தீனி கரண்ட். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. கடன் தவணை ஒரு பக்கம், கூடிப்போன கரண்ட் பில் ஒரு பக்கம் என்று பிறகுதான் தெரிகிறது. ஆகவே விலையோடு ஓடுற செலவையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்று இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்வோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குழுவில் வட்டி போடத் தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கு வரும்.

1. யூனிட் கணக்கு

ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கரண்ட் எடுக்கிறது என்பதைச் சொல்வது வாட். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சேர்த்தால் கிடைப்பது யூனிட். 1000 வாட் எடுக்கும் பொருள் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 100 வாட் எடுக்கும் பொருள் 10 மணி நேரம் ஓடினாலும் அதே 1 யூனிட்தான்.

கணக்கு இதுதான்: வாட்டை மணியால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட்.

நமக்குத் தெரிந்த பொருளை வைத்துப் பார்ப்போம். மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஆனால் காலையில் சட்னி அரைக்க 5 நிமிடம்தான் ஓடுகிறது. பழைய மாடல் சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்தான். ஆனால் அது பகலும் இரவும் 15 மணி நேரம் ஓடுகிறது. 75 வாட், 15 மணி என்றால் ஒரு நாளைக்கு 1 யூனிட்டைத் தாண்டிவிடும். மிக்ஸி சத்தம் போட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறது, ஃபேன் சத்தமில்லாமல் நிறையச் சாப்பிடுகிறது. கம்ப்யூட்டரும் ஃபேன் மாதிரிதான். எத்தனை வாட் என்பதோடு எத்தனை மணி என்பதையும் பார்த்தால்தான் செலவு தெரியும்.

2. எது எவ்வளவு எடுக்கும்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் முக்கியமாக இரண்டு வகை. டேபிள் மேல் வைக்கும் டெஸ்க்டாப், மடியில் வைக்கும் லேப்டாப். சாதாரண எழுத்து வேலை, படிப்பு வேலை செய்யும்போது சுமாராக இப்படி எடுக்கும்:

- டெஸ்க்டாப் பெட்டி மட்டும்: 40 முதல் 80 வாட். ரொம்பப் பழைய பெட்டி 100 வாட்டையும் தாண்டும்.
- பழைய காலத்துப் பின்பக்கம் நீண்ட டி.வி. மாதிரி மானிட்டர்: 70 முதல் 80 வாட்.
- தட்டையான எல்.இ.டி. மானிட்டர், 18 முதல் 20 இன்ச்: 15 முதல் 25 வாட்.
- லேப்டாப், திரையும் சேர்த்து: 15 முதல் 45 வாட்.
- கைக்கடக்கமான மினி கம்ப்யூட்டர் பெட்டி, மானிட்டர் சேர்க்காமல்: 10 முதல் 25 வாட்.
- யு.பி.எஸ்.: கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் தன் பங்குக்கு 5 முதல் 10 வாட்.
- இன்டர்நெட்டுக்கான வைஃபை பெட்டி: 5 முதல் 10 வாட்.

லேப்டாப் ஏன் குறைவாக எடுக்கிறது? அது பேட்டரியில் ஓடவேண்டிய பொருள். பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்பதற்காகவே அதன் ஒவ்வொரு பாகமும் சிக்கனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் போனாலும் அணையாது, அதனால் யு.பி.எஸ். தேவையில்லை. சாயங்காலம் ஊரில் வோல்டேஜ் குறைந்தாலும் பெரும்பாலான லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கி ஓடும். டெஸ்க்டாப்புக்கும் நல்ல பக்கம் உண்டு. ரிப்பேர் செய்வது சுலபம், பாகம் தனித்தனியாகக் கிடைக்கும், திரை பெரிது.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். டெஸ்க்டாப் பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் "450 வாட்" என்று எழுதியிருக்கும். அவ்வளவும் செலவாகும் என்று பயப்பட வேண்டாம். அதிகபட்சம் அவ்வளவு தரமுடியும் என்று அர்த்தம். தண்ணித் தொட்டி 500 லிட்டர் என்றால் தினம் 500 லிட்டரும் செலவாகிறது என்றா அர்த்தம்? அதுபோலத்தான்.

லேப்டாப் சார்ஜரில் "அவுட்புட்" என்ற வரியைப் பாருங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். சுமார் 65 வாட். அதுவும் உச்சபட்ச அளவுதான். பேட்டரி நிறைந்த பிறகு சாதாரண வேலையில் பாதிகூட எடுக்காது.

3. ரெண்டு வீட்டுக் கணக்கு

இப்போது குழுவில் இரண்டு அக்காக்கள் கம்ப்யூட்டர் கடன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் பழகுவதற்காக ஒரு விலை வைத்துக்கொள்கிறோம். கரண்ட் யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் அக்கா பழைய டெஸ்க்டாப் கேட்கிறார். செட் 12,000 ரூபாய், யு.பி.எஸ். 3,000 ரூபாய், மொத்தம் 15,000. பெட்டி 80, மானிட்டர் 25, யு.பி.எஸ். 15 என்று ஓடும்போது 120 வாட். (கம்ப்யூட்டர் ஓடும்போது யு.பி.எஸ்.-இன் நஷ்டம் கொஞ்சம் கூடும்.)

இரண்டாவது அக்கா செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கேட்கிறார். விலை 18,000 ரூபாய். ஓடும்போது 30 வாட்.

இருவரும் வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்கிறார்கள், தினம் 8 மணி நேரம்.

டெஸ்க்டாப்: ஒரு நாளைக்கு 0.96 யூனிட். மாதம் 28.8 யூனிட். கரண்டுக்கு மாதம் 144 ரூபாய், வருடம் 1,728 ரூபாய், 4 வருடத்துக்கு 6,912 ரூபாய். இடையில் யு.பி.எஸ். பேட்டரி ஒரு தடவை மாற்ற 1,000 ரூபாய். விலையோடு சேர்த்து மொத்தம் 22,912 ரூபாய்.

லேப்டாப்: ஒரு நாளைக்கு 0.24 யூனிட். மாதம் 7.2 யூனிட். கரண்டுக்கு மாதம் 36 ரூபாய், வருடம் 432 ரூபாய், 4 வருடத்துக்கு 1,728 ரூபாய். இடையில் பேட்டரி ஒரு தடவை மாற்ற 2,000 ரூபாய். விலையோடு சேர்த்து மொத்தம் 21,728 ரூபாய்.

கடையில் 3,000 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த லேப்டாப், 4 வருடத்தில் 1,184 ரூபாய் குறைவாக முடிகிறது. "கூடுதல் 3,000-க்கு வட்டி இருக்கே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, 10 தவணை, மாதம் 300 அசல் கட்டினால் மொத்த வட்டி 165 ரூபாய். அதைக் கழித்தாலும் 1,019 ரூபாய் லாபம்.

இப்போது மணிக்கணக்கை மாற்றிப் பார்ப்போம். அதே இரண்டு அக்காக்களும் தினம் 1 மணி நேரம்தான் போடுகிறார்கள். டெஸ்க்டாப்புக்கு 4 வருடக் கரண்ட் 864 ரூபாய், மொத்தம் 16,864. லேப்டாப்புக்கு 216 ரூபாய், மொத்தம் 20,216. இங்கே டெஸ்க்டாப்தான் 3,352 ரூபாய் மிச்சம். கரண்ட் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வீட்டில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தில் மனசில் வைக்கவேண்டியது இதுதான்: நிறைய மணி ஓடுகிற வீட்டுக்குக் கரண்ட் குறைவாக எடுக்கும் பொருள் முக்கியம். கொஞ்ச நேரம் ஓடுகிற வீட்டுக்கு விலை குறைவாக இருப்பது முக்கியம். முதலில் மணியைக் கேளுங்கள், அப்புறம் மாடலைக் கேளுங்கள்.

4. இலவச யூனிட்டையும் பாருங்கள்

தமிழ்நாட்டில் 2016-ல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் போனால் படிப்படியாகக் கட்டணம் ஏறும். மேல் படிக்குப் போகப் போக யூனிட் விலையும் கூடும். உங்கள் வீட்டு பில்லில் இலவசம் எவ்வளவு, எந்தப் படியில் என்ன கட்டணம் என்று எடுத்துப் பாருங்கள்.

100 யூனிட் இலவசம் என்று வைத்து ஒரு கணக்கு. ஒரு வீட்டில் லைட், ஃபேன், டி.வி., மிக்ஸி எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 80 யூனிட். பில் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு முன்னே சொன்ன டெஸ்க்டாப் தினம் 8 மணி ஓடும்படி வந்தால் இரண்டு மாதத்துக்கு 57.6 யூனிட் கூடும். மொத்தம் 137.6. இதுவரை பில்லே கட்டாத வீடு பில் கட்ட ஆரம்பிக்கும். லேப்டாப் என்றால் கூடுவது 14.4 யூனிட்தான். மொத்தம் 94.4. இலவசத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

இதனால்தான் கடன் மனு பேசும்போது கடைசி மூன்று தடவை எடுத்த ரீடிங்கையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

5. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒன்று: கம்ப்யூட்டர் தேவையா? விண்ணப்ப நிலை பார்ப்பது, பணம் அனுப்புவது, பாட வீடியோ பார்ப்பது எல்லாம் செல்போனில் முடியும். 5000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனை நாற்பது தடவை முழுசாக சார்ஜ் செய்தாலும் சுமார் 1 யூனிட்தான் ஆகும். குழுக் கணக்கை மாதம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வேண்டாம். கூட்டமைப்பு அலுவலகத்தில் உள்ளதை முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டு: என்ன வேலைக்கு? டைப்பிங், படிப்பு, கணக்கு, இன்டர்நெட் என்றால் சாதாரண கம்ப்யூட்டர் போதும். "கிராபிக்ஸ் கார்டு வேணும்மா" என்று பையன் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். விளையாட்டுக்கான கார்டு, வேலை செய்யும்போது அது ஒன்றே 75 வாட் முதல் 300 வாட்டுக்கு மேல்கூட எடுக்கும். வாங்கும் விலையும் கூடுதல், தீனியும் கூடுதல்.

மூன்று: ப்ராசசர் பெயர் எதில் முடிகிறது? இன்டெல் கம்பெனி லேப்டாப்பில் எண்ணுக்குப் பிறகு ஆங்கில "யு" எழுத்து வந்தால் அது சிக்கன வகை. "எச்" எழுத்து வந்தால் கூடுதல் கரண்ட் எடுக்கும் வகை. வீட்டு வேலைக்கு "யு" போதும்.

நான்கு: எந்தத் தலைமுறை? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 போடவேண்டும் என்றால் இன்டெல்லில் 8-வது தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ இருக்கவேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்பை "புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிடக் கூடும். "எத்தனாவது ஜெனரேஷன்?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஐந்து: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகம் கிடையாது. அதனால் பொதுவாகக் கரண்ட் குறைவு, வேகம் கூடுதல், சூடும் குறைவு. பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு இருபது நிமிடம் காத்திருந்தால் அந்த நேரமும் மீட்டரில்தான் ஏறுகிறது.

ஆறு: திரை எத்தனை இன்ச்? திரை பெரிசானால் செலவும் கூடும். எழுத்து வேலைக்கு 18 முதல் 20 இன்ச் மானிட்டர் தாராளம். பின்பக்கம் நீண்ட பழைய மானிட்டரை சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை எல்.இ.டி. மானிட்டரோடு ஒப்பிட்டால் 50 வாட் கூடுதல். தினம் 8 மணி ஓடினால் மாதம் 12 யூனிட் வீண்.

ஏழு: குறியீடு இருக்கிறதா? ஃப்ரிட்ஜில் பார்க்கிற நட்சத்திர ஒட்டு, மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு 2006-ல் தொடங்கியது. எல்லா கம்ப்யூட்டரிலும் அந்த ஒட்டு இருக்காது. "எனர்ஜி ஸ்டார்" என்ற குறி இருந்தால் அதுவும் நல்ல அடையாளம். அமெரிக்காவில் 1992-ல் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும்தான் அந்தக் குறியை முதலில் கொடுத்தார்கள். குறி எதுவும் இல்லையென்றால் சார்ஜரில் உள்ள வாட்டை இரண்டு மாடலுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. பீரோவில் தூங்கும் அரசு லேப்டாப்

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011-ல் தொடங்கியது. மகனோ மகளோ வாங்கிவந்த லேப்டாப் பல வீடுகளில் பேட்டரி போய் பீரோவில் கிடக்கிறது. புதுசு வாங்கக் கடன் கேட்கும் முன்னால் அதை வெளியே எடுங்கள்.

ரிப்பேர் தெரிந்தவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சார்ஜரில் நேரடியாக ஓடுகிறதா? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாமா? ரேம் கூட்டலாமா? இந்த இரண்டும் செய்தால் ஊர்ந்துகொண்டிருந்த லேப்டாப் எழுந்து நடக்கும். புது விண்டோஸ் ஏறாவிட்டாலும் காசு கொடுக்கத் தேவையில்லாத லினக்ஸ் போட்டு டைப்பிங், படிப்பு, இன்டர்நெட் எல்லாம் செய்யலாம். தமிழிலும் டைப் செய்யலாம். ஆகிற செலவு புதிய லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் போனால் மட்டும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

7. வாங்கியபின் பயன்படுத்தும் முறை

நல்ல மாடு வாங்கினாலும் பராமரிப்பு வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

- திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கண்ணுக்குப் போதுமான அளவு வைத்தால் போதும். கண்ணுக்கும் நல்லது, கரண்டும் மிச்சம்.
- செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் என்ற இடத்துக்குப் போங்கள். 5 நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படியும், 15 நிமிடம் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தூங்கும்படியும் வையுங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.
- மீன் நீந்துவது, பூ விரிவது மாதிரி வரும் ஸ்கிரீன் சேவரால் கரண்ட் மிச்சமாகாது. பழைய மானிட்டர் கெடாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. படம் ஓடும்வரை திரை கரண்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுத் திரை அணையும்படி வையுங்கள்.
- அரை மணிக்கு மேல் வேலை இல்லையென்றால் முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். "அடிக்கடி போட்டு அணைச்சா கெட்டுப்போகும், கரண்டும் அதிகம் இழுக்கும்" என்று சொல்வார்கள். இப்போதைய கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாது. ஆனால் ஓடும்போதே சுவிட்சைப் பிடுங்குவது தவறு.
- இரவு யு.பி.எஸ்.-ஐயும் சுவர் சுவிட்சையும் அணையுங்கள். 10 வாட் எடுக்கும் யு.பி.எஸ். 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 7.2 யூனிட். நாம் பார்த்த லேப்டாப் தினம் 8 மணி வேலை செய்ய ஆகும் செலவும் அதே 7.2 யூனிட்தான். வேலை செய்யாமல் சும்மா நிற்கும் பெட்டிக்கு இவ்வளவு தீனி எதற்கு?
- லேப்டாப்பைப் பாய், மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் காற்றுப் போகும் துளை அடைபடும். சூடு ஏறும், உள்ளே ஃபேன் வேகமாகச் சுற்றும், பேட்டரி ஆயுள் குறையும். பலகை அல்லது மேஜை மேல் வையுங்கள்.
- அடுப்பு பக்கம், ஜன்னல் வெயில், கூரை ஒழுகும் இடம் வேண்டாம். தூசி சேர்ந்தால் வருடம் ஒரு தடவை கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.
- டெஸ்க்டாப்புக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக் பாயிண்ட் கட்டாயம். பெட்டியைத் தொட்டால் சுரீர் என்று இருந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
- பிரிண்டரை வேலை இருக்கும்போது மட்டும் போடுங்கள். லேசர் பிரிண்டர் உள்ளே சூடேற்றித்தான் மையை ஒட்டவைக்கிறது. அச்சடிக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். பத்துப் பக்கம் சேர்ந்தபின் ஒரேயடியாக அச்சடிப்பது நல்லது.

8. மீட்டரிலேயே அளந்து பார்ப்போம்

"நீங்க சொல்ற வாட் சரியா?" என்று சந்தேகம் வந்தால் நல்லதுதான். நீங்களே அளந்து பாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கும். அதன் பக்கத்தில் 1600, 3200 போன்ற ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் 1 யூனிட் என்று அர்த்தம்.

லேப்டாப் என்றால் முதலில் சார்ஜை முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அந்தந்த சுவிட்சில் அணையுங்கள். சிவப்பு லைட் மினுக்குவது நின்றுவிட்டதா பாருங்கள். நிற்காவிட்டால் எங்கோ ஏதோ ஓடுகிறது, தேடி அணையுங்கள். இப்போது கம்ப்யூட்டரை மட்டும் போட்டு, 10 நிமிடத்தில் எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டு: 3200 எண் உள்ள மீட்டரில் 10 நிமிடத்தில் 32 தடவை. ஆறால் பெருக்கினால் ஒரு மணிக்கு 192. அதை 3200-ஆல் வகுத்தால் 0.06 யூனிட். அதாவது 60 வாட். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு பாடம்.

மீட்டரைப் பார்த்தால் போதும். மீட்டரையோ ஃபியூஸையோ தொடவேண்டாம்.

9. தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

வீட்டு முன்னறையில் டைப்பிங், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை போலவே நடத்தப் போகிறீர்களா? முதலில் இ.பி. ஆபீஸில் போய், இதற்கு என்ன வகை இணைப்பு வேண்டும் என்று கேளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால், 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, அந்த வகைக்கு உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கணக்குப் போட்டு வசூலிக்க முடியும். தொழிலில் வந்த லாபமெல்லாம் அதில் போய்விடக்கூடாது. பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்து முடிவு எடுக்காமல் நேரில் கேட்டு வையுங்கள். தொழில் திட்டம் எழுதும்போது அந்தக் கட்டணத்தையே யூனிட் விலையாகப் போடுங்கள்.

10. பழையதை என்ன செய்வது?

வீணாகிப்போன மானிட்டரை உடைக்காதீர்கள். பழைய மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுப்பதும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கெடுதல். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். புதுசு வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பல குழுக்களில் சேர்ந்த பொருளைக் கூட்டமைப்பு மூலம் ஒன்றாகவும் அனுப்பலாம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தை அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டவும். வாசிக்கத் தெரிந்த மகள், மருமகளையும் கூட்டி வரலாம். பிறகு இவற்றைப் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது? தினம் எத்தனை மணி ஓடுகிறது?
2. 60 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் தினம் 5 மணி ஓடினால் மாதம் எத்தனை யூனிட்? (விடை: 9 யூனிட்.)
3. பயன்படுத்தாமல் கிடக்கும் லேப்டாப் யார் வீட்டிலாவது இருக்கிறதா? சரிபார்க்க எவ்வளவு ஆகும் என்று யார் விசாரித்து வருவது?
4. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, நேரம் பிரித்துக்கொள்ள முடியுமா?
5. கம்ப்யூட்டர் கடன் மனுவில் விலை, வாட், தினம் ஓடும் மணி, மாத யூனிட், இப்போதைய கரண்ட் பில் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?

ஐந்தாவது கேள்வியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். பிள்ளை படிக்க வேண்டும் என்று ஒரு தாய் கேட்கும் கடனைத் தட்டிக்கழிக்க இந்த ஐந்தையும் கேட்கச் சொல்லவில்லை. தவணையும் கட்டி, பில்லும் கட்டி, அந்த கம்ப்யூட்டர் நாலு வருடம் அந்த வீட்டில் ஓட வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து துணி போட்டு மூடிவைத்த கம்ப்யூட்டரால் யாருக்கும் படிப்பு வராது.

உங்கள் குழு போட்ட கணக்கையும், மீட்டரில் எண்ணிய எண்ணிக்கையையும் எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அடுத்து வாங்கப்போகிற சகோதரிக்கு அதுவே வழிகாட்டியாக இருக்கும்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்கள்